எட்டு ஜன்னலும் ஒரு திரைச்சீலையும்

ஒருத்தர் ஆசை ஆசையாக வீடு கட்டுகிறார். மைசூரில், யாதவகிரியில். மாடியில் எழுதுவதற்கென்றே அரைவட்டமாக முன்னால் வளைந்து நிற்கிற ஓர் அறை, அதற்கு எட்டு ஜன்னல். எட்டு! ஒன்றைத் திறந்தால் சாமுண்டி மலை, இன்னொன்றைத் திறந்தால் நகரத்துக் கோபுரங்களும் குவிமாடங்களும், அந்தப் பக்கம் மேய்கிற ஆடுமாடுகள், இந்தப் பக்கம் சரிவில் ஓடுகிற ரயில். எழுதுகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், சொல்லுங்கள்! உட்கார்ந்தார், பேனாவை எடுத்தார், மலையைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வரி நகரவில்லை. கடைசியில் கனமான திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டு அத்தனை அழகையும் மறைத்தார். அப்புறம்தான் ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை வந்தது.

ஆர்.கே. நாராயண் தாமே எழுதி வைத்திருக்கிற விஷயம் இது. வீட்டில் படித்தபோது ரசித்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்த அறைக்குள்ளேயே போய் நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! நான் நின்றேனே! 2016-லிருந்து அந்த வீடு அருங்காட்சியகம். கீழே அவருடைய கோட்டு, மூக்குக் கண்ணாடி, விருதுகள், புகைப்படங்கள் எல்லாம் இருக்கின்றன. பொருள்கள் கொஞ்சம் குறைவு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், எனக்கு அந்த மாடி அறை ஒன்றே போதும். படியேறிப் போய் நடுவில் நின்று ஒவ்வொரு ஜன்னலாக எண்ணினேன். வெயில் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து விழுகிறது. இவ்வளவு வெளிச்சத்தையும் காசு கொடுத்து வாங்கிவிட்டு, மறுபடியும் காசு கொடுத்துத் திரை வாங்கி மூடியிருக்கிறாரே மனுஷன் என்று நினைத்த அந்த நொடியில், சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவர்களையும் பிடித்து நிறுத்தி, எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கதை முழுவதையும் சொன்னேன். அந்தக் குடும்பத்துப் பெரியவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! எனக்கு ஏதோ பரிசே கிடைத்தது போல இருந்தது.

முரண்நகை என்றால் என்ன என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தவன் நான். சொல் முரண்நகை, நாடக முரண்நகை, சூழல் முரண்நகை என்று மூன்று வகை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம், ஐந்து மதிப்பெண். உயிரில்லாத வரிகள்! அந்த மூன்றும் மூச்சு விட்டுக்கொண்டு நடமாடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நாராயணைக் கையில் எடுத்துக்கொண்டு மைசூருக்குப் போக வேண்டும். எதை நினைத்துச் செய்கிறோமோ அதற்கு நேரெதிரானது, அதுவும் நாம் செய்ததாலேயே, வந்து முன்னால் நிற்பது சூழல் முரண்நகை. எட்டு ஜன்னல் வைத்ததால்தான் திரை தேவைப்பட்டது. நாலு சுவருக்குள் உட்கார்ந்திருந்தால் திரையே வேண்டியிருக்காது. அந்த ‘செய்ததாலேயே’ என்பதுதான் உயிர்நாடி. கல்யாணத்தன்று மழை பெய்தால் அது முரண்நகை ஆகாது, வெறும் மழை. மழைக்குப் பயந்து ஊர்விட்டு ஊர் போய் மண்டபம் பிடித்து, அங்கே மழை பெய்து, சொந்த ஊரில் சுள்ளென்று வெயில் அடித்தால், அப்போது என்னைக் கூப்பிடுங்கள், ஓடி வருகிறேன்.

சொல் முரண்நகையை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதே இல்லை, தாய்ப்பாலோடு வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு வீடு திரும்பினால் “வாங்க துரை, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்களே” என்று வரவேற்காத அம்மா எந்தத் தமிழ் வீட்டில் இருக்கிறாள்? ஔவையார் இதையே அரண்மனைக்குள் நின்று செய்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். ஆகா, மயிற்பீலி சூட்டி நெய் பூசி எவ்வளவு அழகாகக் காவலில் வைத்திருக்கிறீர்கள், எங்கள் அரசனுடைய வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவே என்கிறார். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. ஒரு வசைச்சொல் இல்லை! உங்கள் ஆயுதம் போரையே பார்த்ததில்லை என்பதைப் புகழ்ச்சியாகவே சொல்லி முடித்துவிட்டார் அந்தப் பெண். வள்ளுவர் கயவர்களைத் தேவர்களுக்குச் சமம் என்பாரே, அதுவும் இதே ஜாதிதான்: இரண்டு பேருமே மனம் போனபடி நடப்பவர்களாம். இந்த வகையை நாம் அணியிலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சியாகப் படித்தோம், நம் பாட்டிகள் அதைத் தெருத்திண்ணையில் தினமும் நடத்தினார்கள்.

ஆனால் எனக்குப் பித்துப் பிடிக்க வைப்பது நாடக முரண்நகை. நமக்குத் தெரியும், கதைக்குள் இருக்கிறவருக்குத் தெரியாது. சிலம்பை விற்கப் போன கோவலன், அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே போய் அதை நீட்டுகிறானே, அப்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறதா இல்லையா? நாராயணும் அதையே செய்கிறார், கத்தி ரத்தம் எதுவும் காட்டாமல், மெல்லிய குரலில்.

1947-ல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை, ‘ஆன் அஸ்ட்ராலஜர்ஸ் டே’. நினைத்துப் பாருங்கள்: ராத்திரி, பூங்கா ஓரப் பாதை, ஒரு புளியமரம். அதன் அடியில் ஒரு ஜோசியர், நெற்றியில் விபூதி குங்குமம், தலையில் காவித் தலைப்பாகை, முன்னால் சோழிகள். அவரிடம் சொந்தமாக ஒரு விளக்குகூடக் கிடையாது, பக்கத்துக் கடலைக்காரன் விளக்கு வெளிச்சத்தில்தான் பிழைப்பு. ஜோசியமும் தெரியாது, மனிதர்களை மட்டும் தெரியும். கடையைக் கட்டுகிற நேரத்தில் ஒருத்தன் வந்து உட்கார்ந்து சவால் விடுகிறான், உண்மையைச் சொல், இல்லையென்றால் விடமாட்டேன். சுருட்டுப் பற்ற வைக்கத் தீக்குச்சி கிழிக்கிறான் பாருங்கள், அந்த ஒரு நொடி வெளிச்சத்தில் ஜோசியர் அவன் முகத்தைப் பார்த்துவிடுகிறார்! அதற்கப்புறம் எழுந்து ஓடத் துடிக்கிறார், அவன் விடவில்லை, சரி என்று ஆரம்பிக்கிறார்: உன்னை ஒருத்தன் கத்தியால் குத்தினான், செத்துவிட்டாய் என்று கிணற்றில் தள்ளினான், உன் பெயர் குரு நாயக். வந்தவன் மிரண்டு போகிறான். என்னைக் குத்தினவன் எங்கே, அவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்கிறான். அவன் லாரியில் அடிபட்டுச் செத்துப் போனான், நீ ஊருக்குத் திரும்பிப் போ, இந்தத் திசைக்கே இனி வராதே என்று அனுப்பி வைக்கிறார் ஜோசியர். பேசின ரூபாயில்கூடக் குறைத்துத்தான் கொடுத்துவிட்டுப் போகிறான் அவன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனைவியிடம் மெதுவாகச் சொல்கிறார், ஒருத்தனைக் கொன்றுவிட்டேன் என்று இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன், அவன் உயிரோடுதான் இருக்கிறான். சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டுப் படுத்துக்கொள்கிறார்!

முதல் தடவை படித்துவிட்டு உடனே திரும்ப முதல் வரிக்கே ஓடினேன். தான் தேடிக்கொண்டிருந்த ஆளிடமே காசு கொடுத்து, அந்த ஆள் எங்கே என்று கேட்டிருக்கிறான் குரு நாயக்! வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்த ஜோசியர் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் நிஜம், அந்த நிஜம் எதுவும் கிரகத்திலிருந்து வரவில்லை. ஒரே ஒரு பொய் சொன்னார், அந்தப் பொய்யால் இரண்டு உயிர் பிழைத்தது. நாலைந்து பக்கத்துக்குள் இத்தனையும்!

இதை எழுதியவருடைய சொந்த வாழ்க்கையைச் சொன்னால் நெஞ்சு கனக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போன இடத்தில் தெருக் குழாயடியில் தண்ணீர் பிடித்த ராஜத்தைப் பார்த்துக் காதலித்தார். ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய், பெண்ணுக்கு ஆகாது என்று தடை. அதையும் தாண்டிக் கல்யாணம் நடந்தது. 1939-ல் டைபாய்டில் ராஜம் போய்விட்டார். அந்தத் துக்கத்திலிருந்து பிறந்தது 1945-ல் வந்த ‘தி இங்கிலீஷ் டீச்சர்’. இப்படி அடிபட்ட ஒருத்தர், ஜோசியரைப் பற்றி எழுதும்போது எவ்வளவு கசப்பைக் கொட்டியிருக்கலாம்! கொட்டவில்லையே. அந்தப் போலி ஜோசியருக்கு ஒரு மனைவியையும் குழந்தையையும் திண்ணையையும் நிம்மதியான தூக்கத்தையும் கொடுத்து அனுப்பினார். நாராயணுடைய முரண்நகை யாரையும் கீழே தள்ளி மேலே நின்று சிரிக்காது. அதற்காகத்தான் நான் இந்த மனிதரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன்.

இன்னொன்று இருக்கிறது, தமிழர்களுக்கென்றே வைத்த விருந்து! ‘எ ஹார்ஸ் அண்ட் டூ கோட்ஸ்’. கிருதம் என்கிற குக்கிராமம், ஊர் எல்லையில் மண் குதிரை, அதன் பீடத்தில் கிழவன் முனி, பக்கத்தில் அவனுடைய இரண்டே இரண்டு ஆடு. பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுபோன ஓர் அமெரிக்கன் வந்து சேர்கிறான். இவனுக்குத் தமிழ் மட்டும், அவனுக்கு இங்கிலீஷ் மட்டும். காக்கி உடுப்பைப் பார்த்து, போலீஸ்காரன் கொலைக்கேஸ் விசாரிக்க வந்திருக்கிறான் என்று முனி நடுங்குகிறான். அவனோ தன் வீட்டு வரவேற்பறையில் இந்தக் குதிரையை எங்கே நிறுத்தலாம் என்று திட்டம் போடுகிறான். முனி கல்கி அவதாரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறான், அமெரிக்கன் ஆகா என்ன இனிமையான பாஷை என்று ரசிக்கிறான். நூறு ரூபாய் கை மாறுகிறது. குதிரையை வாங்கிவிட்டதாக அவன் நினைக்கிறான், ஆடுகளை விற்றுவிட்டதாக இவன் நினைக்கிறான். முனி வீட்டுக்குப் பறந்து வந்து பணத்தைக் காட்டுகிறான், எங்கே திருடினாய் என்று மனைவி பிடித்துக்கொள்கிறாள், ஆடு விற்ற காசுடி என்று சொல்லி வாய் மூடவில்லை, விற்ற ஆடுகள் வாசலில் வந்து நின்று கத்துகின்றன!

இதில் நமக்குக் கிடைக்கிற இடத்தை யோசித்துப் பாருங்களேன். அந்த இரண்டு பேரில் ஒருத்தருக்கும் மற்றவர் பேச்சு புரியாது, முழுசாகப் புரிந்துகொள்கிற ஒரே ஆள் வாசகர்தான். அதிலும் தமிழ் வாசகர் என்றால்? முனியின் பேச்சு ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தாலும் என் காதில் அது அச்சு அசல் தமிழாகவே விழுகிறது, அந்த இழுப்பும் வெத்திலை மென்ற குரலும்கூடக் கேட்கிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் படிக்கிறவர்களுக்கு இந்தப் பாக்கியம் ஏது! இந்தக் கதையை ஒருமுறை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் இரண்டு குரலில் நடித்துக் காட்டியிருக்கிறேன். இன்னொரு ரயில் கிடைத்தால் இன்னொரு முறையும் செய்வேன்.

வாழ்க்கையே இவருக்குப் போட்டியாகக் கதை எழுதியிருக்கிறது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார், எதில்? ஆங்கிலத்தில்! முதல் நாவலின் கையெழுத்துப் பிரதி பதிப்பகம் பதிப்பகமாகத் திரும்பி வந்தபோது, கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த நண்பருக்கு எழுதினார். நண்பர் அதை நதியில் போடாமல் நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார், 1935-ல் ‘சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ வெளிவந்தது. தம்பி, கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண், மைசூரில் பிறந்தவர், பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தார், போதிய திறமை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், பிற்பாடு அங்கேயே சிறப்பு விருந்தினராகப் போய் நின்றார். நாராயண் தம் கதைகளுக்காகக் கற்பனையில் கட்டிய, இல்லவே இல்லாத மால்குடி என்கிற ஊரின் பெயரில் பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவே ரயில் ஓடியது. அதே ஊர்க் கவிஞர் ஏ.கே. ராமானுஜன் கதை இன்னும் பிரமாதம். மைசூரில் 1929-ல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மகாராஜா கல்லூரியில் ஆங்கிலம் படித்து, கடல் கடந்து போய், 1962-ல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்து நிலவறையில் சங்கப் பாடல்களைக் கண்டெடுத்தார்! தமிழனுக்குத் தமிழ் சிகாகோவில் வைத்துக் கிடைத்திருக்கிறது. எனக்கு இதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

‘தி கைடு’ மட்டும் சும்மாவா? மைசூர்ப் பக்கம் கடும் வறட்சி, கிருஷ்ணராஜசாகரே வற்றி, முங்கிக் கிடந்த பழைய கோயில் வெளியே தெரிந்தது. வறண்ட காவிரிப் படுகையில் எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்து நிரப்பி, முழங்கால் ஆழத்தில் நின்று பதினொரு நாள் விரதமிருந்து மந்திரம் ஜபித்தார்கள், பன்னிரண்டாம் நாள் மழை கொட்டியது என்று நாராயணே எழுதியிருக்கிறார். மழை வேண்டித் தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவந்து நிற்கிற அந்தக் காட்சியைக் கண்ணில் நிறுத்திப் பாருங்கள்! இதிலிருந்து அவர் செய்ததுதான் நாவலின் நாயகன் ராஜு. ஜெயிலிலிருந்து வந்து போக்கிடம் இல்லாமல் ஆற்றங்கரைப் பாழ் கோயிலில் உட்கார்ந்தவனை வேலன் என்கிற கிராமத்தான் சாமியாராக்கிவிடுகிறான். ஊர்ச் சண்டையை நிறுத்தாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று ராஜு கோபத்தில் சொல்லி அனுப்புகிறான், மழை வரும்வரை சுவாமி சாப்பிட மாட்டாராம் என்று அது ஊருக்குள் போய்ச் சேர்கிறது. தப்பிக்க வழி தேடி, தான் ஒரு மோசடிக்காரன் என்று இரவு முழுக்கத் தன் கதையையே வேலனிடம் கொட்டுகிறான். விடிகிறபோது வேலன் அவனை அப்போதும் சுவாமி என்றே கூப்பிடுகிறான்! உண்மையைச் சொல்லியும் நம்பிக்கை போகவில்லை. வேறு வழியில்லாமல் நடித்த விரதம் மெல்ல மெல்ல நிஜ விரதமாகிறது. 1958-ல் வந்த நாவல், 1960-ல் சாகித்ய அகாதெமி பரிசு, ஆங்கிலத்துக்குக் கிடைத்த முதல் பரிசு. அதை 1965-ல் படமாக்கியவர்கள், நாராயண் மைசூர்ப் பக்கத்து இடங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய பிறகு, ராஜஸ்தானுக்குப் போய்ப் படம்பிடித்தார்கள். அதைப் பற்றியும் அவர் ஒரு கட்டுரை எழுதிச் சிரித்துவிட்டார்.

இப்போது மறுபடியும் யாதவகிரி வீட்டுக்கு வாருங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமாகத் துடித்துக்கொண்டிருக்கிறேன்! ‘லாலி ரோடு’ என்று ஒரு கதை. சுதந்திரம் வந்ததும் மால்குடி நகராட்சி உற்சாகத்தில் எல்லாத் தெருவுக்கும் பெயர் மாற்றுகிறது, கடிதம் எங்கோ போகிறது, தான் எங்கே குடியிருக்கிறோம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த வேகத்தில் சர் ஃபிரெடரிக் லாலி சிலையைக் கொடுங்கோலன் சிலை என்று பெயர்த்து எடுக்கிறார்கள். சிலை ராட்சஸ சைஸ், வைக்க இடமில்லை, கதைசொல்லியின் வீட்டுக்குள் பாதியும் வெளியே பாதியுமாகப் போய்ச் சேர்கிறது. அப்புறம்தான் தெரிகிறது, இந்த லாலி வேறு லாலி, ஊரையே உண்டாக்கிய புண்ணியவான். ஐயோ, திரும்ப வை என்று கூச்சல். கடைசியில் சிலையை நகர்த்த முடியாமல், அந்த வீட்டையே வாங்கி நினைவிடமாக்குகிறார்கள்.

கேட்டீர்களா? வீட்டையே வாங்கி! இனி நிஜத்துக்கு வாருங்கள். 2011-ல் நாராயணின் யாதவகிரி வீட்டை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, இடிப்பு பாதியில் நின்றது, ஐயோ எவ்வளவு பெரிய மனிதர் வீடு என்று ஊர் விழித்துக்கொண்டது, மைசூர் மாநகராட்சி அந்த வீட்டை வாங்கிச் செப்பனிட்டு அருங்காட்சியகம் ஆக்கியது. நடுவில் 2014-ல் ஊர்ப் பெயரும் மைசூரு என்று மாறியது! அரை நூற்றாண்டுக்கு முன்னால் அவர் எழுதிய கதையை, அவர் ஊர் அவர் வீட்டை வைத்தே நடத்திக் காட்டியிருக்கிறது. அந்த மாடி அறையில் நின்றபோது இது எனக்குப் பொறி தட்டியது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, எட்டு ஜன்னலுக்கும் மாறி மாறி ஓடினேன், யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், என் மனைவி கீழே இருந்தாள், படியிறங்கிப் போய் மூச்சு வாங்க “லாலி ரோடு! இந்த வீடேதான் லாலி ரோடு!” என்றேன். அவளும் அந்தக் கதை படித்தவள். ஒரு நொடி என்னைப் பார்த்தாள், அப்புறம் இரண்டு பேரும் அந்த வாசலில் நின்று கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தோம். இந்த வீடு பிழைத்ததே என்கிற சந்தோஷமும் சேர்ந்த சிரிப்பு அது. அந்த வீட்டைக் காப்பாற்றிய ஒவ்வொருவருக்கும் என் கைகூப்பு.

மைசூருக்குப் போனால் அரண்மனையைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஓர் ஆட்டோ பிடித்து முதலில் யாதவகிரிக்குப் போங்கள், பக்கம்தான். போகிற வழியில் ‘லாலி ரோடு’ கதையை முடித்துவிடுங்கள். அப்புறம் சாமுண்டி மலையேறி அந்தப் பெரிய மகிஷாசுரன் சிலைக்குப் பக்கத்தில் நின்று ‘தி மேன் ஈட்டர் ஆஃப் மால்குடி’யை நினைத்துக்கொள்ளுங்கள், 1961-ல் வந்த நாவல். ஐயோ, அதைப் பற்றி நான் இன்னும் சொல்லவே இல்லையே! வாசு என்று ஒரு முரடன், செத்த மிருகங்களைப் பாடம் பண்ணுகிறவன், அச்சகம் வைத்திருக்கிற சாது நடராஜின் மாடியில் வந்து குடியேறிக்கொண்டு கிளம்ப மாட்டேன் என்கிறான், ஊரையே நடுங்க வைக்கிறான், கோயில் யானையைச் சுட்டுக் கொல்லப் போகிறேன் என்கிறான், போலீஸால் முடியவில்லை, ஊரால் முடியவில்லை. ஒரு நாள் நாற்காலியில் செத்துக் கிடக்கிறான். கொன்றது யார் என்று எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்படுகிறார்கள், நடராஜை ஊரே ஒதுக்குகிறது. கடைசியில் தெரிகிறது, இரும்பையே நொறுக்குகிற அந்தக் கையால் அவன் தன் நெற்றியில் தானே ஓங்கி அடித்துக்கொண்டிருக்கிறான், பஸ்மாசுரன் தன் தலையில் தானே கை வைத்த மாதிரி. எதை அடிக்கப் போய்? கொசுவை! யானைக்குக் குறி வைத்தவன், ஒரு கொசுவை!